எந்த மேக்ரோ வெளியே போகலாம், எது வீட்டோடு இருக்கட்டும்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. ஜூன் மாதம், பெங்களூரா காய் வண்டி வண்டியாக வந்து இறங்கும் நேரம். எடைமேடையில் ஏறிய டிராக்டர் இறங்கவே இல்லை. திரையில் 'எடை நிலைக்கட்டும், காத்திருக்கவும்' என்ற வரி மட்டும் அசையாமல் நின்றது. பின்னால் பதினோரு வண்டி. தருமபுரியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆலையிலிருந்து போன் வந்தது. எடைமேடைக்காரர் பேசியதைவிட அவருக்குப் பின்னால் அடித்த ஹாரன்தான் தெளிவாகக் கேட்டது.

தப்பு எங்களுடையது. இன்னும் சரியாகச் சொன்னால் என்னுடையது. எடைமேடையை ஓட்டும் எங்கள் தாய் நிரல் சி மொழியில் எழுதியது. ஒவ்வொரு ஆலைக்கும் ஏற்ற வேலையை அதில் செருகும் சிறு நிரல்களான ப்ளக்இன்கள் பார்த்துக்கொள்ளும். அந்த ஆலையில் எடையைக் கணக்கில் ஏற்றும் ப்ளக்இன்னை மட்டும் எங்கள் தம்பி ஒருவன் பைத்தானில் எழுதியிருந்தான். தாய் நிரலும் ப்ளக்இன்களும் பகிரும் அறிவிப்புக் கோப்புதான் ஹெடர்; அதில் ஒரு மதிப்புக்கோ கணக்குக்கோ வைக்கும் சுருக்கப் பெயர் மேக்ரோ. எடை ஆடாமல் நின்றுவிட்டதா என்பதற்கு ஹெடரில் ஒரு ஃப்ளாக் (ஆம், இல்லை என்று காட்டும் ஒற்றை பிட்; வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இருமடங்கு) மேக்ரோ உண்டு, மதிப்பு 4. புதிய பதிப்பில் 'அளவு மீறியது' என்று இன்னொரு ஃப்ளாக் தேவைப்பட்டது. அதை வரிசையின் கடைசியில் சேர்க்காமல் நடுவில் நுழைத்தேன். 'நிலைத்தது' 8-க்குத் தள்ளிப்போனது. சி ப்ளக்இன்களை மறுபடி கம்பைல் செய்ததும் (இயந்திர மொழிக்கு மாற்றியதும்) அவை தாமாகவே 8-ஐ எடுத்துக்கொண்டன. பைத்தான் ப்ளக்இன்னில் 4 என்று கையால் எழுதி வைத்திருந்தான். அது அளவு மீறும்வரை காத்திருக்கத் தொடங்கியது. மாங்காய் ஏற்றிய டிராக்டர் எங்கே அளவை மீறப்போகிறது?

அன்று மாலை எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. பைத்தானுக்கும் ரஸ்ட்டுக்கும் முறையான பைண்டிங், அதாவது அந்த மொழிகளிலிருந்து சி நிரலைக் கூப்பிட உதவும் இணைப்பு, தருவதென்றால், ஹெடரில் இருக்கும் மேக்ரோக்களில் எதை வெளியே விடுவது, எப்படி விடுவது?

ஃபங்ஷன்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு முரண்டு பிடிக்காது. கம்பைல் ஆன லைப்ரரியை, உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கருவியால் திறந்தால் ஃபங்ஷன்கள் பெயரோடு வரிசையாக நிற்கும். மேக்ரோ ஒன்றுகூட இருக்காது. கம்பைலர் வேலையைத் தொடங்கும் முன்பே ப்ரீபிராசஸர் அதை விரித்துப் போட்டுவிடும். முறுக்கு கடைக்குப் போகும், அச்சு சமையலறையிலேயே தங்கிவிடும். வேறு மொழிக்காரன் கடையில் வந்து அச்சைக் கேட்டால் எங்கே கிடைக்கும்? கடைசிப் பிழையின் எண்ணைத் தரும், எல்லோரும் மாறி என்று நினைக்கும் 'எர்நோ'கூட அப்படித்தான். லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி லைப்ரரி அதை ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு முகவரி வாங்கும் மேக்ரோவாக வைத்திருக்கிறது; மேக்கில் அந்த ஃபங்ஷனின் பெயரே வேறு. பிற மொழிகளின் பைண்டிங்குகள் அந்த உள்பெயர்களைத் தேடிப்பிடித்துத்தான் கூப்பிடுகின்றன.

முதலில் கணக்கெடுப்பு. ஜிசிசி கம்பைலருக்கு '-டிஎம் -ஈ' என்று கொடுத்தால் ஹெடரில் உள்ள எல்லா மேக்ரோவையும் கொட்டும். கம்பைலரே வைத்திருக்கும் சில நூறும் கூடவே வரும். வெறும் கோப்புக்கு ஒருமுறை ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிட வேண்டும். மிஞ்சியதில் பாதிக்கு மேல் குப்பை என்று சொல்லலாம்: ஹெடரை இருமுறை சேர்க்காமல் தடுப்பவை, விண்டோஸில் ஏற்றுமதிக் குறி போடுபவை, கம்பைலருக்குக் காதோடு சொல்லும் 'பெரும்பாலும் இப்படித்தான்' வகையறா. இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மீதிக்கு எங்கள் முன் ஐந்து வழிகள் இருந்தன.

முதல் வழி, தம்பிக்குப் பிடித்தது: ஜெனரேட்டர், அதாவது ஹெடரைப் படித்து பைண்டிங்கைத் தானே எழுதித் தரும் கருவி. "அண்ணா, பைண்ட்ஜென் ஓட்டினா எல்லாத்தையும் அதுவே எடுத்துக்குமே" என்றான். எடுத்துக்கொள்ளும். எதை விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லாது. ரஸ்ட்டின் பைண்ட்ஜென், எண்ணாகவோ எழுத்துச் சரமாகவோ கணக்கிட முடிகிற எளிய மேக்ரோக்களை கான்ஸ்டன்ட் (மாறாத மதிப்பு) ஆக்கித் தரும். அடைப்புக்குறிக்குள் உருப்படி வாங்கும் மேக்ரோக்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். டைப் (தரவு வகை) மாற்றம் கலந்த கான்ஸ்டன்ட்களிலும் தடுமாறும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் 'எஸ்க்யூலைட்_டிரான்சியன்ட்' என்று ஒன்று உண்டு: -1 என்ற எண்ணை ஃபங்ஷன் முகவரியாக வேஷம் போட்டு அனுப்புவது. 'இந்தச் சரத்தை நீயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்' என்று அர்த்தம். சி-யில் அரை வரி. வேறு மொழியில் ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும்.

இன்னொரு தொல்லை, மேக்ரோ எண்ணுக்கு டைப் கிடையாது என்பது. பைண்ட்ஜென் தன் வழக்கப்படி 0-ஐக் குறியில்லா 32 பிட் எண்ணாகவும், -1-ஐக் குறியுள்ள 32 பிட் எண்ணாகவும் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஹெடரில் வெற்றி 0, தோல்வி -1. இரண்டும் ஒரே ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்புகள். ரஸ்ட்டில் அவை இரண்டு ஜாதியாகிவிட்டன. மாற்றி எழுதாமல் ஒப்பிடவே முடியாது. அமைப்பை மாற்றிச் சரி செய்யலாம்தான். ஆனால் 'தானாக நடக்கும்' என்று நம்பி இறங்கியவருக்கு இது முதல் நாளே கிடைக்கும் பரிசு.

இரண்டாவது வழி, பார்த்து எழுதுவது. ஒவ்வொரு மேக்ரோவையும் அந்தந்த மொழியில் கையால் திருப்பி எழுதுவது. சின்னக் கடைகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான், நாங்களும் செய்தது இதைத்தான். 4-உம் 8-உம் மாறிப்போனது இதன் ஒரு பக்கம். மோசமான பக்கம் வேறு.

திரையில் காட்டுவதற்காக எடையைப் பத்துப் பத்துக் கிலோவாக வெட்டும் மேக்ரோ ஒன்று எங்களிடம் இருந்தது: எடையைப் 10-ஆல் வகுத்து, திரும்ப 10-ஆல் பெருக்கு. தம்பி அதை அப்படியே பைத்தானில் எழுதினான். முழுஎண் வகுத்தலுக்கு பைத்தானில் இரட்டைக் கோடு, சரியாகவே போட்டிருந்தான். பத்து வண்டி, நூறு வண்டி என்று சோதித்தாலும் இரண்டும் ஒரே விடைதான். ஒரு மழை நாளில், வண்டி இறங்கியதும் மேடையில் ஒட்டியிருந்த சேறும் கழுவிப்போய், காலி மேடை -7 கிலோ காட்டியது. சி-யில் -7-ஐப் 10-ஆல் வகுத்தால் 0. சி99 தரத்தின்படி பின்னத்தைச் சுழியை நோக்கி வெட்டும். பைத்தான் கீழ்நோக்கி இறங்கும், விடை -1. ஆக தாய் நிரல் மேடை காலி என்கிறது, ப்ளக்இன் மேடையில் -10 கிலோ இருக்கிறது என்கிறது. நிரலை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத தப்பு இது. இரண்டு வரியும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதே மாதிரி இன்னொன்று. ஒவ்வொரு அளவீட்டுக்கும் 16 பிட் வரிசை எண் உண்டு. எத்தனை அளவீடு தவறிப்போயின என்று பார்க்க, இரண்டு வரிசை எண்ணைக் கழித்து 16 பிட்டுக்கு வெட்டும் மேக்ரோ. 65534-க்குப் பிறகு 3 வந்தால் சி-யில் விடை 5. வெட்டுவதை மறந்தால் பைத்தானில் -65531. பைத்தானின் எண்களுக்கு உச்சவரம்பு இல்லை, அது தானாகச் சுற்றி வராது.

லுவா மொழியைத் தங்கள் நிரலுக்குள் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனி அனுபவம் இருக்கும். அதன் ரெஜிஸ்ட்ரி என்ற உள் அட்டவணையைத் தொடப் பயன்படும் இன்டெக்ஸ் ஒரு மேக்ரோ. 5.1-இல் அதன் மதிப்பு -10000. 5.4-இல் வழக்கமான கட்டமைப்பில் -1001000. எண்ணைக் கையால் எழுதி வைத்தவரின் பைண்டிங், பெயரெல்லாம் பொருந்தி, லோடும் ஆகி, அப்புறம் வேறெங்கோ போய் விழும். மேக்ரோவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கம்பைலரிடமே கேட்பதுதான் பத்திரம். பைத்தானில் சி-யை இணைக்கும் சிஎஃப்எஃப்ஐ லைப்ரரி அதற்கு வசதி வைத்திருக்கிறது: மதிப்பின் இடத்தில் மூன்று புள்ளி வைத்தால், கம்பைல் செய்யும்போது உண்மையான ஹெடரைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். அதே வேலைக்குப் பைத்தானோடு வரும் சிடைப்ஸ், ஹெடரைத் திறந்தே பார்க்காது.

மூன்றாவது, நடுவில் ஒரு சி கோப்பு. மேக்ரோ ஒவ்வொன்றுக்கும் அதையே உள்ளே கூப்பிடும் ஒரு குட்டி ஃபங்ஷனை எழுதி, கம்பைல் செய்து, வேறு மொழிகள் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடட்டும் என்று விடுவது. பார்க்க மட்டமான வேலை மாதிரி இருக்கும். லினக்ஸ் கெர்னல் செய்வதும் இதுதான். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட் உள்ளே வந்ததிலிருந்து, சி-யின் மேக்ரோக்களுக்கும் இன்லைன் ஃபங்ஷன்களுக்கும் (கூப்பிட்ட இடத்திலேயே விரிபவை) 'ரஸ்ட்_ஹெல்பர்_' என்ற முன்னொட்டோடு சி-யிலேயே சின்னச் சின்ன உறைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். டைப் மாற்றம் கலந்த கான்ஸ்டன்ட்களுக்கு, மேக்ரோவின் மதிப்பை ஒரு உண்மையான கான்ஸ்டன்ட் மாறியில் போட்டு, அதை பைண்ட்ஜென் பார்க்கும்படி வைக்கிறார்கள். அவ்வளவு பெரிய திட்டத்துக்கே மாயம் எதுவும் கிடைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இதற்குச் செலவு, கூப்பிடும் நேரம். மேக்ரோ அந்த இடத்திலேயே விரியும். ஃபங்ஷன் என்றால் போய்வர வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கூப்பிடும் ப்ளக்இன் என்றால் இது வலிக்கும். எடைமேடை நொடிக்குப் பத்து அளவீடு அனுப்பும். பைத்தானிலிருந்து சி-க்குத் தாவும் செலவுக்கு முன்னால் மேக்ரோ, ஃபங்ஷன் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

நான்காவது, ஹெடரையே திருத்துவது. ஹெடர் நம் கையில் இருந்தால் மட்டும் முடியும். கான்ஸ்டன்ட் கூட்டங்களை ஈநம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) ஆக்குவது, தாய் நிரலின் உள்ளமைப்பைத் தொடும் மேக்ரோக்களை உண்மையான ஃபங்ஷன் ஆக்குவது. பழைய சி ப்ளக்இன்களுக்காக அதே பெயரில் மேக்ரோவையும் வைத்துக்கொள்ளலாம். உபரி லாபம் ஒன்று: மேக்ரோ தன் உருப்படியை இரண்டு முறை கணக்கிடும் பழைய நோய் ஃபங்ஷனில் இல்லை.

பைத்தானே இந்தப் பாதையில் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. 2011-இல் வந்த 3.2 பதிப்பில், ஒருமுறை கம்பைல் செய்தால் அடுத்தடுத்த பதிப்புகளிலும் ஓடும் நிலையான ஏபிஐ-ஐ (ABI, கம்பைல் ஆன கோப்புகளுக்கிடையிலான ஒப்பந்தம்) கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் ப்ளக்இன் கோப்புக்குள்ளேயே விரிந்துகொண்டிருந்தன. அதாவது, அந்த எண் பொருளுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒவ்வொரு பழைய ப்ளக்இன்னிலும் உறைந்துபோனது. 2023-இல் 3.12 வந்தபோது, 'நன்' (None, எதுவுமில்லை என்பதைக் குறிப்பது) போன்ற சில பொருள்களின் எண்ணிக்கையைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்தார்கள். பழைய ப்ளக்இன்களோ பழைய வழக்கப்படி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அவை கூட்டினாலும் குறைத்தாலும் பாதகமில்லாதபடி ஒரு பெரிய எண்ணைத் தேர்ந்து வைக்க வேண்டியிருந்தது. அதே 3.12-இல், அந்தப் பதிப்பின் வரையறுத்த ஏபிஐ-ஐ (API, நிரல் எழுதுபவர் கூப்பிட அனுமதித்தவை) குறிவைத்துக் கம்பைல் செய்தால், கூட்டுவதும் குறைப்பதும் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத ஃபங்ஷன் அழைப்புகளாக மாறின. ஒரு மேக்ரோவை வெளியே விட்டதற்கு ஈடு கட்டப் பன்னிரண்டு வருஷம்.

ஐந்தாவது, ஃபங்ஷன் அட்டவணை. ப்ளக்இன் ஏறும்போது, தாய் நிரல் தன் ஃபங்ஷன் முகவரிகள் அடங்கிய ஒரு ஸ்ட்ரக்டை (சி-யில் பல மதிப்புகளின் தொகுப்பு) அதன் கையில் கொடுத்துவிடும். எஸ்க்யூலைட்டின் நீட்சிகள் இப்படித்தான் ஓடுகின்றன. நீட்சிக்கான ஹெடரில், வழக்கமான ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரும் அட்டவணையிலிருந்து எடுக்கும் மேக்ரோவாகிவிடும். சி-க்காரனுக்கு வித்தியாசமே தெரியாது. பிற மொழிக்கு அந்த மேக்ரோக்கள் வேண்டியதே இல்லை. அட்டவணை ஒன்று போதும். அட்டவணையில் புதியது எப்போதும் கடைசியில்தான் சேரும், நடுவில் நுழைக்க மாட்டார்கள். (இதை நான் ஜூன் மாதத்துக்கு முன் படித்திருக்கலாம்.) ஆலைக் கணினிகள் விண்டோஸ். அங்கே ஒரு டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு), தன்னை ஏற்றிய நிரலின் ஃபங்ஷனைப் பெயர் சொல்லி எடுப்பது தொந்தரவு என்பதால் இந்த முறை மேலும் பொருந்தும். பைத்தானுக்குத்தான் கஷ்டம்: அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வாங்குவது என்ன, தருவது என்ன என்று சிடைப்ஸில் எழுதித் தீர்க்க வேண்டும்.

எதை எடுத்தோம்? வழியை முதலில் தேர்வு செய்யவில்லை. ஒவ்வொரு மேக்ரோவையும் எடுத்து ஒரே கேள்வி கேட்டோம்: நாளைக்குத் தாய் நிரலை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே ஆலையில் உட்கார்ந்திருக்கும் ப்ளக்இன் பழைய விடையோடு இருப்பது சரியா? சரி என்றால் அது வெறும் எண்ணாகப் போகலாம். இல்லை என்றால் கூப்பிட்டுக் கேட்கட்டும். 'இதை வேறு மொழிக்கு மாற்ற முடியுமா' என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். 'இது யாருடைய சொத்து' என்பதுதான் கேட்க வேண்டியது.

இந்தக் கேள்வியில் பிழை எண்கள் எளிதாகத் தேறின. அவை இனி மாறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். ஃப்ளாக்குகள் தேறவில்லை. 'நிலைத்ததா' என்பது இப்போது தாய் நிரலின் ஃபங்ஷன். பிட் 4 ஆகட்டும், 8 ஆகட்டும், ப்ளக்இன்னுக்கு அது தெரியவே வேண்டாம். வெட்டும் கணக்கும் வரிசை எண் கழித்தலும் அதே பக்கம் போயின.

பதிப்பு எண் மட்டும் இரண்டு பக்கமும் நின்றது. எந்த ஹெடரைப் பார்த்து ப்ளக்இன் உருவானது என்பது கான்ஸ்டன்ட், அது உறைந்துதான் இருக்க வேண்டும். இப்போது ஓடும் தாய் நிரல் எது என்பது ஃபங்ஷன். எஸ்க்யூலைட் இரண்டையும் தனித்தனியாகத் தருவது இதனால்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வரி எங்கள் ப்ளக்இன்னில் இருந்திருந்தால், அன்று மேடையில் டிராக்டர் ஏறும் முன்பே தெரிந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதை மேக்ரோவாலேயே கட்டாயமாக்கியது. 2006-இல் வந்த 8.2 முதல், 'பிஜி_மாட்யூல்_மேஜிக்' இல்லாத நீட்சியை அது ஏற்றவே மாட்டாது. அந்த மேக்ரோ விரித்துத் தருவது, பதிப்பும் சில கட்டமைப்பு அளவுகளும் அடங்கிய ஒரு ஸ்ட்ரக்டைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். இந்த வகைப் பதிவு மேக்ரோக்களைப் பெயர்க்கவே கூடாது. அவை விரித்துத் தருவது என்ன என்று பார்த்து, அதையே அந்த மொழியின் வழக்கில் தர வேண்டும். பைத்தானில் டெக்கரேட்டர் (ஃபங்ஷனின் தலையில் போடும் குறி), ரஸ்ட்டில் அதன் சொந்த மேக்ரோ.

அப்புறம், வெளியே விடவே கூடாதவை. போஸ்ட்கிரெஸின் 'பிஜி_ட்ரை' மாதிரி, பிழை வந்தால் நடுவில் இருக்கும் ஃபங்ஷன்களையெல்லாம் தாண்டிக் குதிப்பவை. நடுவில் ரஸ்ட்டோ பைத்தானோ இருந்தால், அவை திறந்து வைத்ததை மூட வாய்ப்பே கிடைக்காது. பிஜிஆர்எக்ஸ் என்ற ரஸ்ட் கருவி அந்தக் குதிப்பை எல்லையிலேயே பிடித்து ரஸ்ட்டின் பாணிக்கு மாற்றுகிறது. எங்களிடம் அவ்வளவு பெரியது இல்லை, ஆனால் உள்ளே 'ரிட்டர்ன்' ஒளித்து வைத்த மேக்ரோ ஒன்று இருந்தது. சி-யிலிருந்தே அதை எடுத்துவிட்டேன். பல நாள் கடன்.

பெயர் நீளம் என்ற மேக்ரோவில்தான் அதிக நேரம் வாதாடினோம். மதிப்பு 32 பைட். இடத்தின் பெயர், ரகத்தின் பெயர் எல்லாம் அந்த அளவுப் பெட்டிக்குள். இது வெறும் எண்தானே, கான்ஸ்டன்டாகவே போகட்டும் என்றான் தம்பி. யூடிஎஃப்-8 எழுத்து முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்; எழுத்தும் அதோடு ஒட்டும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. 'கிருஷ்ணகிரி' என்று எழுத 11 குறியீடு, 33 பைட். பெட்டியைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். அப்படி ஆக்கும் நாளில் 32 என்று நம்பியிருக்கும் எந்த ப்ளக்இன்னும் நினைவகத்தில் அடுத்தவன் இடத்தை மிதிக்கும். ஆகவே அந்த எண் வெளியே போகவில்லை. எவ்வளவு இடம் என்று தாய் நிரலிடம் கேட்க ஒரு ஃபங்ஷன் வைத்தோம். இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அலுவலகத்தில் சோதனைக்கு நாங்கள் எப்போதும் அடிக்கும் பெயர் 'தருமபுரி'. 8 குறியீடு, 24 பைட்.